திரையை நான் இறக்கவில்லை, பேச்சி

என் பேச்சிக்கு, போன இடத்திலும் சும்மா உட்காராமல் எதையாவது தைத்துக்கொண்டுதான் இருப்பாய் என்று நம்பும் துளசி எழுதுவது.

சண்டை போட்டுவிட்டேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் முத்துவின் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டேன். வாயில்லாப் பூச்சி என்று என்னைக் கேலி செய்வாயே, நீ பார்த்திருக்க வேண்டும்.

பயந்துவிடாதே. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முத்து சிரித்த முகத்தோடுதான் தாலி கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பனியன் துணி பின்னுகிற நிட்டிங்கில் வேலை பார்க்கிறான், அதிகம் பேசாத பையன். சாம்பாரில் மட்டும் உப்பு ஒரு கை குறைந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைக்கப்போவதில்லை. நம் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் படிக்கட்டும், உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும். அவர்களுக்காக உனக்கே தெரிந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

பதினெட்டு வருஷம் நீயும் நானும் ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷின். நீ ஓவர்லாக்கில் துண்டுகளை இணைப்பாய், நான் பேட்லாக்கில் ஓரம் மடித்துத் தைப்பேன். நீ தெற்கேயிருந்து மூன்று வயது முத்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு பெருமாநல்லூருக்கு வந்தவள். வந்த வருஷமே உன் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். நான் குன்னத்தூரில் தோட்டங்காட்டில் பிறந்து, கல்யாணமாகி இந்த லைன் வீட்டுக்கு வந்தவள். முதல் நாளே என்னை ‘யக்கா’ என்றாய். அப்புறம் என் பெயரே லைனில் ‘யக்கா’ ஆகிவிட்டது.

கட்டிங் டேபிளிலிருந்து விழுகிற துண்டுத் துணியை எல்லோரும் குப்பையாகத்தான் பார்த்தோம். நீதான் அதை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாய். பனியன் துணியை நாடா நாடாக வெட்டி லேசாக இழுத்தால் ஓரம் தானாகவே சுருண்டுகொள்ளும். டெய்லர்களுக்கெல்லாம் அது தொல்லை. நீ அந்தச் சுருளை வைத்தே செவ்வந்தி செய்தாய், சம்பங்கி செய்தாய், கையகலத்துக்குத் தாமரை செய்தாய். ஊசியும் நூலும் தவிர உனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நம் பக்கத்தில் உன் கை படாத விசேஷம் ஏது? தொட்டில் சோடனை, காதுகுத்துக்குத் தோரணம், வளைகாப்புக்கு நாற்காலி உறை, சீர்த்தட்டு மூடும் பூத்துணி. முதல் நாள் சாயங்காலமே வந்து, ஏணியில் ஏறி, எல்லாவற்றையும் கட்டிவிட்டு, ஒவ்வொரு பூவையும் தட்டிச் சரிசெய்வாய். மறுநாள் காலையில் நல்ல நேரம் தொடங்குமுன், “எனக்குச் சோலி கெடக்குக்கா” என்று கிளம்பிவிடுவாய்.

என்ன சோலி பேச்சி? ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் உனக்கு அப்படி என்ன சோலி? தாலி அறுத்தவள் முன்னால் நிற்கக் கூடாது என்று எங்கள் வாயால் சொல்லவைக்காமல், நீயாகவே போய்விட்டாய். நாங்களும் அப்பாடா என்று விளக்கேற்றினோம். உன் கை வேண்டும், உன் முகம் வேண்டாம். இவ்வளவுதான் எங்கள் நியாயம்.

எங்கள் நியாயம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். என் மகள் பெரியவளானபோது செய்த திரட்டிச் சீரில் நானும் இதைத்தான் செய்தேன். நீ வாசல்வரை போய்விட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். “இரு பேச்சி” என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்தில் என் மாமியார் நின்றிருந்தார். சொல்லவில்லை. மத்தியானம் கேரியரில் சோறும் பாயசமும் கட்டிக் கொடுத்தனுப்பினேன். நீ கேரியரைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று அதில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தாய். அந்தச் சர்க்கரையில் நான் காப்பி போட்டுக் குடித்தேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

போன ஆடியில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாய். முத்துவின் கல்யாணத்துக்காக நீ தைத்துவந்த மணமேடைத் திரை மூன்றில் இரண்டு பங்குதான் முடிந்திருந்தது. காவி மஞ்சளில் செவ்வந்தி, நடுவில் வெள்ளைச் சம்பங்கி, அடியில் பச்சைக் கரை. வருஷம் திரும்புமுன் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று உன் அண்ணன் நாள் குறித்துவிட்டார். முத்து அந்தத் துணிக்கட்டோடு என்னிடம் வந்தாள். “பெரியம்மா, வேற எதுவும் எனக்கு வேண்டாம். அம்மா செஞ்சது எனக்குப் பின்னால இருக்கணும்” என்றாள்.

மீதியை நான் தைத்தேன். எப்படித் தைத்தேன் என்று கேட்காதே, வெட்கக்கேடு. ரோலிலிருந்து பிரித்த பனியன் துணியை ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டு, அது தளர்ந்து தன் அளவுக்கு வந்தபிறகுதான் வெட்ட வேண்டும். இது நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். இருபது வருஷம் சூப்பர்வைசர் ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று கழுத்தைப் பிடித்து வளர்த்த கை இது. பிரித்ததும் வெட்டிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் என் பங்கு மூன்று விரற்கடை மேலே ஏறி நிற்கிறது, உன் பங்கு சொன்ன அளவில் நேராக நிற்கிறது. அத்தனை பூவையும் பிரித்தெடுத்து மறுபடி வைத்தேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

முடித்தபிறகு ஒரு காரியம் செய்தேன். நாம் வாழ்நாள் முழுக்க எத்தனை லேபிள் தைத்திருப்போம்? வாயில் நுழையாத பெயர், கண்ணால் பார்க்காத ஊர். தைத்தவள் பெயர் போட்ட லேபிள் ஒன்றையாவது தைத்தோமா? நேராக லேபிள் கடைக்குப் போனேன்.

“பிராண்டு பேருங்களாக்கா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஆமாங்க. ‘பேச்சியம்மாள் தையல்’னு போடுங்க.”

“ஆயிரத்துக்குக் கொறஞ்சு போடறதில்லீங்க.”

“போடுங்க” என்றேன். ஒன்று போதும் என்று போனவள், ஆயிரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதில் ஒன்றைத் திரையின் முன்பக்கம், பச்சைக் கரைக்கு மேலே, மேடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் தைத்தேன். லேபிளை உள்பக்கம்தான் தைக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்வார்கள். சொல்லட்டும்.

வினையும் அந்த லேபிளில்தான் வந்தது. அது இல்லாவிட்டால் வழக்கம்போல, யார் தைத்தது என்று ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை, உங்கள் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து பல்லடத்தில் தங்கிவிட்டவர், கூறைப்புடவைத் தட்டோடு மேடையேறினார். குனிந்து படித்தார். அவர் முகம் மாறியது.

“பேச்சியம்மாங்கது பொண்ணோட அம்மால்லா? தாலி இழந்தவ தச்சத, அதுவும் செத்துப்போனவ தச்சத மணமேடையில கட்டுவாகளா? அத அவுத்துருங்க. மண்டபத்துல பிளாஸ்டிக் பூ இருக்கும், அதக் கட்டச் சொல்லுங்க” என்றார்.

உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மண்டபத்து ஆள் ஏணியைக் கொண்டுவந்துவிட்டான். மணமகள் அறையின் கதவு திறந்திருந்தது. முத்து பாதிச் சடையோடு எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அம்மா செய்தது பின்னால் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டது என்னிடம்தானே? நான் போய் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

“இதைய அவுக்க மாட்டனுங்க” என்றேன். சண்டையிலும் ‘ங்க’ விடவில்லை, நம் ஊர்ப் பழக்கம்.

“நீங்க யாரு?”

“பொண்ணுக்குப் பெரியம்மாங்க. ஏனுங்கக்கா, தாலியில்லாத கை தெச்சது ஆகாதுன்னா, உங்க கையில இருக்கிற தட்டுக்கு மேல போத்தியிருக்கிறது என்னங்க? நிச்சயத்துக்கு நாங்க அனுப்பிவெச்ச பூத்துணிதானுங்க. அதையும் அவதான் தெச்சா. அதைய நல்லா இருக்குதுன்னுதானுங்க கூறைப்புடவை மேலயே போட்டுக் கொண்டாந்தீங்க?”

அந்த அம்மாள் தட்டைப் பார்த்தார். கீழே வைக்கவும் முடியாது, உள்ளே கூறைப்புடவை. பிடித்துக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

நம் லைன் வீட்டுப் பெண்கள் முன்வரிசையில்தான் இருந்தார்கள். “சொல்லுங்க, யாரு ஊட்டு விசேஷத்துல பேச்சி தெச்சது தொங்கலைன்னு சொல்லுங்க” என்று கேட்டேன். ஒருத்தி செல்போனைப் பார்த்தாள், ஒருத்தி பிள்ளைக்குத் தலை சீவ ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் தோன்றியது, நான் மட்டும் என்ன யோக்கியம்?

“எம்புள்ள சீருக்கு அவதான் எல்லாத்தையுங் கட்டுனா. கட்டுனவள நான் இருன்னு சொல்லுலீங்க, அனுப்பிப்போட்டேன். எம்புள்ள நல்லாத்தான் இருக்கறா, கையில கொழந்தையோட இதா உக்காந்திருக்கறா. பேச்சி கை ராசியில்லாத கைன்னா எங்க ஊட்டுலதானுங்க மொதல்ல தெரிஞ்சிருக்கோணும்” என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பந்திக் கதவோரம் நின்றிருந்த ருக்மணி பேசினாள். நம் மூன்றாம் வீட்டு ருக்மணிதான். தையில் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார், நீ அறிய மாட்டாய். வந்தவள் உள்ளே வராமல் உன்னைப் போலவே ஒதுங்கி நின்றிருந்தாள். “எம்பேரன் தொட்டில் அவ தெச்சதுதானுங்க. பேரன் பத்தாவது படிக்கிறானுங்க” என்றாள். செல்போனைப் பார்த்தவள் தலையை நிமிர்த்தி, “எங்கூட்டு வளைகாப்பும்” என்றாள். மற்றவர்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. யாரென்று பெயர் எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முடித்துவைத்தார். “நேரமாவுது மதினி. திரை இருக்கட்டும், நீங்க தட்டக் கொடுங்க” என்றார். மனசு மாறிச் சொன்னாரோ, நேரத்துக்குப் பயந்து சொன்னாரோ, எனக்குத் தெரியாது. உன் செவ்வந்திக்கு முன்னால் முத்து உட்கார்ந்தாள், அது போதும். அத்தை என்னிடம் கடைசிவரை பேசவில்லை. பந்தியில் பாயசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், நான் பார்த்தேன்.

சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று பெருமைக்காக எழுதவில்லை பேச்சி. நீ உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கும் “சோலி கெடக்குக்கா” என்று மகள் கல்யாணத்திலேயே சமையல்கட்டுக்குப் போயிருப்பாய். நானும் உன்னைத் தேடாமல் இருந்திருப்பேனோ என்னவோ. நீ போனபிறகு உன் துணிக்காக நிற்கத் தெரிந்த எனக்கு, நீ இருக்கும்போது உனக்காக நிற்கத் தெரியவில்லை. இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

இப்போது ருக்மணியின் பேத்திக்கு அடுத்த மாதம் காதுகுத்து. அவள் மகன் வந்து தோரணம் தைத்துத் தரச் சொன்னான். “தெச்சுத் தர்றேன் கண்ணு. தோரணத்தைக் கட்டறதும் உங்கம்மாதான், கட்டிப்போட்டு முன்னால நிக்கறதும் உங்கம்மாதான். சம்மதமா?” என்று கேட்டேன். “ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க சின்னம்மா” என்று போனான். நாலு நாளாயிற்று, ஆளைக் காணோம்.

இன்று காலையில் ருக்மணியே வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறையத் துண்டுத் துணி. “அவன் கேட்டுட்டே இருக்கட்டும் துளசி. எம்பேத்திக்கு நானே தெக்கறேன். அந்தச் சுருளை எப்படி இழுக்கறதுன்னு மட்டும் காட்டு” என்றாள். முதல் பூ முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பதாவது பூவைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன், என் மகள் மேல் ஆணையாக. காதுகுத்து அன்று நல்ல நேரத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ருக்மணி ஏணியில் ஏறித் தோரணம் கட்டுவாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். எவர் வந்து எது சொன்னாலும் அவளை இறங்கச் சொல்ல மாட்டேன். கட்டி முடித்து இறங்கியதும் “இரு” என்பேன்.

உன் முத்துவுக்குப் பெரியம்மா, உனக்கு என்றும் யக்கா,
துளசிமணி