தாயத்துக்கு அடியில்

கார்த்திகை 9, செவ்வாய், இரவு.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு எல்லாம் கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்பு படித்த டாக்டர் நான்தானே. மந்திரித்த தாயத்தை அவள் இடுப்பில் கட்டி, யாரும் அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு வேறு போட்டிருந்தேன்.

இன்று கம்பம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். கழுத்து, அக்குள், தொடை என்று எதையோ தேடிக்கொண்டே வந்து தாயத்தில் நின்றார்.

"இதை அவுக்கலாமா?"

"வேணாம்மா, இப்பத்தான் கட்டுனது" என்றேன். என் மனைவி செல்வி கயிற்றை அவிழ்த்தாள். அடியில் பீடி சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு.

"இதைத்தான் தேடுனேன். உண்ணி கடிச்ச புண்ணு. இது உண்ணிக் காய்ச்சல். புல்லு, புதர்ல விளையாண்டாளா?"

மாட்டுக்கு நான் அறுத்துப் போடும் புல்லுக்கட்டுதான் அவளுக்கு மெத்தை. தலையாட்டினேன்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். ரெண்டு நாளில் காய்ச்சல் குறையாவிட்டால் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

பஸ்ஸில் செல்வி சொன்னாள்: "தாயத்து பிள்ளையக் காப்பாத்துச்சோ இல்லையோ, அந்தப் புண்ணை யார் கண்ணுலயும் படாம நல்லாக் காப்பாத்திட்டீக."

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

முதல் மாத்திரை கொடுத்தாயிற்று. நெற்றி இன்னும் சுடுகிறது. தாயத்து என் சட்டைப் பையிலேயே கிடந்தது. எறிய மனசு வரவில்லை. செல்வி அடுப்படிக்குப் போன நேரத்தில் என் கையில் கட்டிக்கொண்டேன். பயந்து கிடப்பவன் நான்தானே.