மூன்று பாய்லரில் ஒன்று ஓடிய நாள்

அன்பு மகனுக்கு,

நீ கையெழுத்துப் போட்ட அறிக்கை பொய். இதை எழுதிவிட்டுத்தான் உன் நலம் கேட்க எனக்கு வாய் வரும். நீ நன்றாகத்தான் இருப்பாய், அங்கே காற்று சுத்தமாக இருக்கிறது என்று போன மாதம் சொன்னாயே. இங்கே உன் தங்கை நான்கு நாளாக நெபுலைசரை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டி, "யானை ஆயிட்டேம்மா" என்று சிரிக்கிறாள், சிரித்தால் இருமல் பிடுங்குகிறது. மாடியில் காயப்போட்ட அவள் பள்ளிச் சட்டை முழுக்கக் கரிப்பொட்டு. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சாய ஃபேக்டரி கேட்டில் உன் புகை அறிக்கையை ஒட்டியிருக்கிறார்கள், எல்லாம் இங்கிலீஷ். எனக்கு உன் பெயர் மட்டும்தான் புரிந்தது, கருமம், பெருமையாகக்கூட இருந்தது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சரை இழுத்துப்போய்ப் படிக்கச் சொன்னேன். பக்கத்துக்குப் பக்கம் எமிஷன், எமிஷன். அப்படியென்றால் என்ன என்றேன். "எமிட்னா தன்கிட்டேருந்து வெளிய விடறதுக்கா, பல்பு வெளிச்சம் விடுது, அடுப்பு சூடு விடுது, அந்த மாதிரி" என்றாள். சாக்கடையில் விடும் சாயத்தண்ணீருக்கு டிஸ்சார்ஜாம். அடைத்து வைத்ததைத் திறந்துவிட்டால் ரிலீஸாம். சரி, விடிகாலை ஐந்தரைக்கு ஃபோர்மேன் ஒரு வால்வைத் திருகி, வடிகட்டிக்குப் போகாமல் புகையை நேராக மேலே அனுப்புகிறானே, அது எது என்றேன். "அது ரிலீஸ்தான்க்கா. ஆனா அப்படி எழுதினா, தொறந்தது யாருன்னு கேப்பாங்கல்ல" என்றாள். முழு அறிக்கையையும் விரல் வைத்துத் தேடினாள், அந்த வார்த்தை ஓரிடத்திலும் இல்லை. படித்தவர்கள் எழுதினால் புகை தானாகத்தான் வரும் போலிருக்கிறது.

நானும் யோக்கியம் இல்லை. உன் கம்பெனி ஆட்கள் புகையை அளக்க வந்த அன்று மூன்று பாய்லரில் ஒன்றுதான் ஓடியது. பாய்லர் ரூம் ரிஜிஸ்டர் எழுதுவது நான். "மூணும் ஓடுதுன்னு எழுதும்மா, உம் பையன் வேலைதான, அவனுக்குத்தான் நல்லது" என்றான் ஃபோர்மேன். எழுதிவிட்டேன். அதை நம்பி, ஒரு பாய்லர் புகையை மூன்றின் புகையென்று நீ எழுதினாய், இப்போது உன் எழுத்தைக் காட்டி நாலாவது பாய்லருக்கு அனுமதி கேட்கிறார்கள். புதன்கிழமை அந்த அனுமதிக்கு நடக்கும் விசாரணையில் எழுந்து, நான் எழுதியது பொய் என்று சொல்லப்போகிறேன். என் வேலை போகட்டும். உன் பெயரும் நாறும் என்பதால்தான் முன்னாலேயே சொல்கிறேன். "அண்ணன் பாவம்மா, அவனே திருத்திக்கட்டும், ஒரு வாய்ப்பு குடு" என்கிறாள் உன் தங்கை, மூச்சு வாங்கிக்கொண்டே.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. செவ்வாய்க்குள் அந்த அறிக்கையை வாபஸ் வாங்கு.

உன் அம்மா

உன் அம்மா நான் பாய்லர் ரூமில்தான் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அன்று எத்தனை ஓடியது என்று என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அதற்குப் பதில் எழுது.