காற்று வந்த பக்கம்

மச்சான்,

இன்று காலை கானாத்தூரில், சைக்கிள் பந்தயம் கிளம்பும் இடத்தில் தைல வாசனை. பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நீ அரை பாட்டிலைக் காலில் ஊற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரைத் தும்ம வைப்பாயே, அதே தைலம். நீதான் வந்துவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன். உன் மகள். பனியனில் நம்பர் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மகள் யாமினி.

இந்தப் பந்தயத்துக்கு யாமினியைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். அவளுக்குக் காற்று மறைத்து ஓட்டும் வேலை உன் மகளுக்கு. இதைக் கேட்டதிலிருந்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கா சோறு இறங்கவில்லை என்று என் மனைவி நம்பவே இல்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் நம் இருவருக்கும் ஒரே ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் உன் போனில் ஐரோப்பா சைக்கிள் பந்தயம் ஓடும். வர்ணனை இருவருக்கும் புரியாது. ஐ.டி.ஐ. படிப்புக்கு எட்டிய அளவில், முன்னால் போகிறவன்தான் தலைவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பொரியல் ஒட்டிய விரலால் திரையைக் குத்தினாய்.

“முன்னாடி போறவன் கூலிக்காரன் மச்சான். தலைவனைப் பாரு, ஏழாவது எட்டாவது ஆளா, காத்து படாத பக்கமா ஒண்டிகினு வர்றான். ரொம்பப் பின்னாடி போனா, எவனாவது உழுந்தா இவனும் மாட்டிப்பான். ரொம்ப முன்னாடி போனா காத்தே தின்னுடும்.”

கடைசி இருநூறு மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பேன் என்பதற்காக, நம் கம்பெனி சைக்கிள் அணிக்கு என்னைத் தலைவன் ஆக்கினீர்கள். முதல் பந்தயத்திலேயே, கோவளத்தில் என் மாமியார் வீட்டார் நிற்கிறார்கள் என்று தனியாக முன்னால் போய், நெஞ்சை நிமிர்த்திக் கையாட்டினேன். அதோடு தீர்ந்தேன். வடநெம்மேலிக்குள் அத்தனை பேரும் என்னைத் தாண்டிவிட்டார்கள். நீ மட்டும் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்து, “இன்னாபா, மாமியார் வூட்டுலயே பிரைஸ் குடுத்துட்டாங்களா?” என்றாய்.

அதன் பிறகு ஒண்டக் கற்றுக்கொண்டேன். ரொம்ப நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

அன்று பந்தயம்கூட இல்லை, வெறும் பயிற்சி. முட்டுக்காடு பாலத்தில் நிலத்துப் பக்கத்துக் காற்று வலமிருந்து அடித்தது. நீ எனக்கு முன்னால், சாலையோரமாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தாய். பக்கக்காற்று அடிக்கும்போது முன்னால் ஆள் இருந்து பயனில்லை. “வலது பக்கம் வா மச்சான், என்னால முடியல” என்றேன். பின்னால் வேன் சத்தம் எனக்கும் கேட்டது. ஈ.சி.ஆரில் எப்போதும் கேட்கிற சத்தம்தானே என்று விட்டேன். நீ வந்தாய். வேனும் வந்தது.

“அவராகத்தான் வலது பக்கம் போனார்” என்று போலீசிடம் சொன்னேன். உன் மனைவியிடமும் அதையே சொன்னேன். நாலு வருடமாக உன் வீட்டில், “சொன்னா கேக்க மாட்டாரு, எப்பவும் நடுரோட்லதான்” என்று உன்னைத்தான் திட்டுகிறார்கள். நான் அங்கே காபி குடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிறேன்.

உன் மகளை மாற்றிப் போடச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கெஞ்சினேன். “ரோட்ட ஒரு பக்கம் முழுசா மூடிட்டாங்க சார், வண்டியே வராது. ஓரமா நில்லுங்க” என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? பயம் வண்டியைப் பற்றி மட்டுமல்ல. ஒன்றும் தெரியாமல் அந்தப் பிள்ளை அதே பக்கம் என் மகளுக்காக வரக்கூடாது.

நேராக உன் மகளிடமே போனேன்.

“இன்னா மாமா, மூஞ்சி பேயடிச்ச மாதிரி கீது? ஓட்டப்போறது நாங்கதானே” என்று சிரித்தாள்.

சொல்லிவிட்டேன். அன்று உன்னை வலது பக்கம் கூப்பிட்டது நான்தான் என்றும், நாலு வருடமாகப் பொய் சொல்கிறேன் என்றும்.

சிரிப்பு போய்விட்டது. “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

நான் பின்னால் அணி வண்டியில் போனேன். பாலத்தில் அதே வலப்பக்கக் காற்று. கூட்டம் சாய்ந்து நீண்டது. யாமினி எங்கேயோ பின்னால் தனியாக மாட்டிக்கொண்டு தவித்தாள். உன் மகள் அவளுக்கு இருபதடி முன்னால். வராதே என்றும், வந்துவிடு என்றும் ஒரே வாயால் வேண்டினேன். எந்தச் சாமியும் குழம்பிப்போயிருக்கும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். யாமினிக்கு வலப்பக்கம் வந்து, அவளைத் தன் நிழலில் வைத்துக்கொண்டு, கோவளம் வரை காற்றை முழுக்கத் தானே வாங்கி, முன்கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். பிறகு அவளால் முடியவில்லை, பின்தங்கிவிட்டாள்.

மாமல்லபுரத்தில் யாமினி மூன்றாவதாக வந்தாள். உன் மகள் வெகுநேரம் கழித்து வந்தாள். சைக்கிளைத் தடுப்பில் சாய்த்துவிட்டு நேராக என்னிடம் நடந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட நீங்களே சொல்லணும் மாமா. நான் சொல்ல மாட்டேன்.”

“வரேம்மா.”

“நீங்க கூப்ட்டதும் அப்பா இன்னா சொன்னாரு?”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் பொய் சொன்ன பிறகு யாரால் கேட்டிருக்க முடியும்?

“‘தோ வந்துட்டேன்’னாரு” என்றேன்.

அவள் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ கடைசியாகப் பேசியது அதுதான் மச்சான். நாலு வருடமாக நான் மட்டும் வைத்திருந்தேன். இப்போது உன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் விளக்கு போட்டுவிட்டார்கள், உன் மனைவி வாசலுக்கு வந்து இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போனாள். கூப்பிட்ட குரலுக்கு நீ யோசிக்காமல் வந்தாய். எனக்கு இங்கிருந்து நாலு வீடு தாண்டக் கால் வரவில்லை.