எஃப் வரிசை, பதினேழு

பிப்ரவரி 9

என் அருமைக் கரிக்கட்டைக்கு,

நலம். நீயும் உன் பஸ்ஸும் நலமா? ஸ்கோரை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதுகிறேன். டிப்போவில் எவனாவது உளறியிருந்தால், இதை மடித்து வைத்துவிட்டு முதலில் அவனைப் போய் உதை.

இரண்டுக்கு ஒன்று. நமக்கு.

இரண்டு கோலும் நம் மின்னல் போட்டவை. இரண்டாவதை நீ பார்த்திருக்க வேண்டும். இடது ஓரம், காலில் பந்து, எதிரில் மூன்று பேர். நின்றான். அவர்களும் நின்றார்கள். பிறகு அவன் மட்டும் அங்கே இல்லை. பந்து வலைக்குள் போன சத்தம் கேட்டுத்தான் பாதிப் பேர் எழுந்தோம்.

பக்கத்து இருக்கை அக்கா பின்னல் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். "ஒரே சீட்டை ரெண்டு பேரு வெச்சுக்கிட்டு, வந்தவன் வராதவனுக்கு லெட்டர் போடறீங்களாமே? போன் இல்லையா உங்ககிட்ட?"

"போன்ல சொன்னா ஸ்கோர்தான் தெரியும்கா. ஆட்டம் தெரியாது" என்றேன். எட்டு வருடமாக நாம் சொல்லும் அதே பதில்.

ஒரு விஷயம்தான் எரிச்சல். போன மாதம் வெளியூர் ஆட்டத்தில், மின்னல் பந்தைத் தொடும்போதெல்லாம் அந்த ஊர்க் கேலரி குரங்குச் சத்தம் போட்டதல்லவா? அதைக் கண்டித்து நம் பதினொரு பேரும் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இருந்தார்கள். ஒரு நிமிடம் முழுசாக. இந்த சீசன் முடியும்வரை ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்யப்போகிறார்களாம். பாதி மைதானம் எழுந்து நின்று கை தட்டியது. மீதி கூச்சல் போட்டது. நானும் கத்தினேன். "விளையாட வந்தா விளையாடுங்கடா! மீட்டிங் போட வேற இடம் கிடைக்கலையா?"

ஆறு நாள் கடையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கிறேன். ஏழாம் நாள் தொண்ணூறு நிமிடம்தான் எனக்கு. அங்கேயும் செய்தித்தாளை விரித்தால் எப்படி?

அட்டை இத்துடன். நம் சீசன் அட்டையில் அடுத்த ஆட்டம் உன் முறை. நுழைவாசல் மெஷினில் அட்டை சிக்குகிறது. மூலையைத் துடைத்துவிட்டுச் செருகு.

உன்
கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 24

அன்புள்ள கண்ணாடிக்காரனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோல்களுக்காக இரண்டு முறை.

நேற்று பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நம் கோல்கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்தார். விழுந்து தடுக்கவில்லை. அசையாமல் நின்றார், பந்து அவரிடமே வந்தது. அதிர்ஷ்டமா, அறிவா என்று அக்காவும் முன் வரிசைத் தாடிக்காரரும் ஆட்டம் முடியும்வரை வாதாடினார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் முழங்காலிட்டபோது நான் எழுந்து நின்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, இந்த சீட்டுக்கு ரெண்டு வாயா? போன தடவை திட்டுச்சு, இந்தத் தடவை கை தட்டுது!"

சிரித்தேன். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

மின்னல் தரையைப் பார்க்கவில்லை. கேலரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை வரிசையாக. யார் நிற்கிறார்கள், யார் கத்துகிறார்கள் என்று எண்ணுகிறவனைப் போல. நீ கத்திய அன்று அவன் கண் பதினேழாம் இருக்கையின் மீதும் போயிருக்கும். அது என் இருக்கையும்தான்.

இதில் நான் உன்னோடு இல்லை. எழுதக் கை தயங்குகிறது. ஆஃப்சைடு தவிர வேறு எதிலும் நமக்குள் சண்டை வந்ததில்லையே.

அட்டை இத்துடன். துடைத்தேன், சிக்கவில்லை.

உன்
நண்பன்


மார்ச் 10

டேய் கரிக்கட்டை,

"உன் நண்பன்" என்று முடித்திருக்கிறாய். யாரடா அவன்? எனக்குத் தெரிந்தவன் "இப்படிக்கு, கரிக்கட்டை" என்றுதான் எழுதுவான். ஒரு முழங்கால் விஷயத்துக்கு இவ்வளவு விறைப்பா?

மூன்றுக்குப் பூஜ்யம். நமக்கு. கோபமாக இருப்பதால் கோல்களை விவரிக்கப்போவதில்லை. சரி, ஒன்று மட்டும். மூன்றாவது கோல் கம்பத்தில் பட்டு, கோல்கீப்பரின் முதுகில் பட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போனது.

மறுபடி முழங்கால். மறுபடி கத்தினேன். தாடிக்காரர் திரும்பினார்.

"அண்ணே, உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்?"

"எனக்கு என்ன கஷ்டம்? என் உயிர் நண்பனே கருப்புதான். இதே சீட்டுல உட்கார்றான், நீங்களே பார்த்திருப்பீங்க. பதினாறு வருஷமா கரிக்கட்டைன்னுதான் கூப்பிடறேன். ஒரு நாள் கோவிச்சிருப்பானா? சிரிச்சுட்டுப் போயிடுவான். இந்த மின்னலுக்கு மட்டும் ஏன் இப்படி வலிக்குது?"

வரிசையே சிரித்தது. நீ இருந்திருந்தால் முதலில் நீதான் சிரித்திருப்பாய். அக்கா மட்டும் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தார்.

என்னை நிறம் பார்க்கிறவன் என்று நினைத்துவிட்டாயா? விடுதியில் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்டா நான். காய்ச்சலில் கிடந்தபோது உன் போர்வைக்குள் படுத்தவன்.

அட்டை இத்துடன். அடுத்த கடிதத்தில் ஒழுங்காகப் பேர் எழுதிக் கையெழுத்துப் போடு.

உன்
கண்ணாடிக்காரன்


மார்ச் 24

அன்புள்ள கண்ணாடிக்காரனுக்கு,

இந்தக் கடிதத்தில் ஆட்டம் இல்லை. நான் போகவில்லை.

கிளம்பினேன். என் டிப்போ வண்டியிலேயே பயணியாக உட்கார்ந்து மைதான நிறுத்தம் வரை போனேன். கதவு திறந்தது. ஓட்டிய நண்பர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இறங்கலையா?" கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

எஃப் வரிசைக்கு இப்போது என்னைத் தெரியும். கோவித்துக்கொள்ளாதவன்.

முதலாண்டு விடுதிப் படம் உன்னிடம் இருக்கும். என் பின்னால் நீ நின்றாய். "பல்லைக் காட்டுடா கரிக்கட்டை, இல்லேன்னா நீ படத்துல இருந்ததே தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் காட்டினேன். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நான் வாயை மூடியதில்லை. என் கல்யாணப் படத்தைப் பார். அப்பா இறந்த மாதத்தில் எடுத்த குடும்பப் படத்தைப் பார். அதிலும் பல் தெரியும்.

கோவித்துக்கொண்டதில்லை, உண்மைதான். அந்த விடுதியில் என்னிடம் முதலில் பேசியவன் நீ. அந்தப் பெயரும் உன் நட்பும் ஒரே நாளில் வந்தன. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம் என்று அப்போது தோன்றவில்லை.

மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். கடைப் பலகை, மருந்துப் பெட்டி, எதையும் விடுவதில்லை. உன் கடிதம் மேசை மேல் இருந்தது.

"அப்பா, கரிக்கட்டைன்னா நீங்களா?"

"ஆமாம்மா."

தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம்.

"அப்போ கண்ணாடி மாமா என்னையும் அப்படித்தான் மனசுல கூப்பிடுவாரா?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். என்னுடைய சிரிப்பு. அதே பல். அங்கேதான் பயந்துபோனேன்.

உன்னிடம் எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. லைசென்ஸ் கண் பரிசோதனையில் இரண்டு முறை தவறி, வேலை போகும் என்று இருந்தபோது, ஒரு ஞாயிறு முழுவதும் மெஷினை விட்டு எழாமல் நான்கு ஜோடி லென்ஸ் தேய்த்தாய். நான்காவது ஜோடியில் கடைசி வரியின் எழுத்துகள் தெரிந்தன. இன்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன். தினமும் காலையில் அதைத் துடைக்கும்போது உன்னை நினைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை இத்தனை வருடம் சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான்.

அட்டை இத்துடன். அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கும்போது என் பெயரை எடுத்துவிடு. இருக்கைக்கு ஒரு வாய் போதும்.

இப்படிக்கு,


ஏப்ரல் 12

அன்புள்ள ……………………,

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஐந்து தாள் கிழித்தாயிற்று. பழைய பெயரை எழுதக் கை வரவில்லை. உன் சொந்தப் பெயரை எழுதினால் யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நீயே நிரப்பு.

நீயும் "இப்படிக்கு" என்பதன் கீழ் ஒன்றும் எழுதவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் இல்லை.

புதுப்பிக்கிற படிவம் வாங்கப் போனேன். உன் பெயரை எடுக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"ரெண்டாவது ஆள் பேர் சொல்லுங்க சார்."

என் வாயில் வந்தது பழைய பெயர்தான். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் பேனாவோடு காத்திருந்தாள். பின்னால் ஒருவர் இருமினார். உன் பெயரைச் சொன்னேன். பதினாறு வருடத்தில் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இன்ஷியல்?"

தெரியவில்லை. உன் அப்பா போன அன்று விடியும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் பெயரின் முதல் எழுத்து எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடுக்கப் போன பெயரை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

விடுதிப் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். கடையில் லென்ஸைச் சோதிக்கிற பூதக்கண்ணாடியை வைத்து. நீ சிரிக்கவில்லை. வாய் மட்டும்தான் திறந்திருக்கிறது. இத்தனை வருடமும் அது என் அலமாரியில்தான் இருந்தது.

முழங்காலிடுவது சரியா, அதனால் எதுவும் மாறுமா? இன்னும் எனக்குத் தெளிவில்லை. தெளிவாகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் உன்னைக் கேட்காமல் உன்னைச் சாட்சிக்கு இழுத்தேன். அது தவறு. உன் சிரிப்பைக் காட்டி இன்னொருவன் வலியைப் பொய் என்றேன். அது அதைவிடத் தவறு.

தாடிக்காரரிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய். அவன் கோவிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கான். எனக்குத்தான் தெரியல."

"சரி விடுங்கண்ணே."

"எப்படி விடறது? வரிசையே கேட்டுச்சே."

"அதுக்கு மைக் வெச்சா சொல்வீங்க? நாங்க சொல்லிக்கறோம், உட்காருங்க."

ஆறாம் தேதி ஆட்டம். ஆட்டம் தொடங்கும் கிக்-ஆஃபிலிருந்து எழுதுகிறேன். எதிரணிக்கு ஐந்தாம் நிமிடமே ஒரு கோல். இருபதில் மின்னல் தலையால் முட்டிச் சமன் செய்தான். எழுபத்தெட்டில் நம் தடுப்பாளர், வாழ்க்கையில் மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டாத மனிதர், தாண்டினார். அவருக்கே வழி தெரியவில்லை. அடித்தார். கோல்! அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கியதில் அவர் பின்னலில் நான்கு வரி அவிழ்ந்துவிட்டது.

மகளிடம் ஒன்று சொல்ல முடியுமா? கண்ணாடி மாமா மனசுல அவளை அவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார் என்று. அவள் அப்பாவுக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டியவன், கொடுக்கவில்லை என்று.

இதையெல்லாம் எனக்கு எழுதினாயே. நான்கு ஜோடி லென்ஸ் தேய்ப்பதைவிட அது கஷ்டம். நன்றி.

அட்டை இத்துடன். படிவமும். உன் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

உன்
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 21

அன்புள்ள கண்ணாடிக்காரனுக்கு,

ஒன்றுக்கு ஒன்று. மழை. மைதானத்தின் பாதி குளம். பந்து உருளாமல் அங்கங்கே உட்கார்ந்துவிட்டது. மின்னல் ஒரு தடவை பந்தை விட்டுவிட்டு முப்பது அடி ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான். எதிரணிக்காரரே கையைக் கொடுத்து அவன் தோளைத் தட்டினார். நம் கோல் எண்பத்தொன்பதாம் நிமிடம், சேற்றுக்குள்ளிருந்து. யார் போட்டது என்று இன்றைய பத்திரிகையில்தான் தெரிந்தது. நம் மின்னல்தான்.

காலியிடத்தை நான் நிரப்பவில்லை. நான் முகம் கழுவப் போயிருந்தபோது மகள் பென்சிலால் நிரப்பிவிட்டாள். "எங்க அப்பாவுக்கு." கேட்டால், "மாமா எழுத மறந்துட்டாரு" என்றாள். அழிக்கவில்லை. நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "என் முழுப் பேர் அவருக்குத் தெரியுமா?" தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்ஷியலோடு. அப்பாவின் முழுப் பெயரையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை கவுன்ட்டரில் முழிக்காதே.

இடைவேளையில் அக்கா போனில் என்னைப் படம் எடுத்தார். "சிரிங்க தம்பி." "இப்படியே இருக்கட்டும்கா." வாயை மூடிக்கொண்டு நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. கொஞ்சம் முறைப்பாக இருக்கிறேன். பரவாயில்லை.

அப்புறம் அக்கா கேட்டார்.

"போன ஆட்டத்துல உங்க ஆளு எழுந்து நின்னாரே, எழுதினாரா?"

இல்லையே என்றேன்.

"அந்த முழங்கால் நேரத்துல. கையும் தட்டல, கத்தவும் இல்ல. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, முழுசா ஒரு நிமிஷம். மின்னலும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டிருந்தான்."

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கிக்-ஆஃபிலிருந்துதான் எழுதியிருக்கிறாய்.

அட்டை இத்துடன். அடுத்தது உன் முறை. கிக்-ஆஃபுக்கு முந்தைய நிமிடத்தையும் விடாமல் எழுது.

உன்
நண்பன்