அருள்குமாரின் இறால் கூடுகள்

20 அக்டோபர் 2024, ஞாயிறு

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் நெற்றி நிறைய நாமம் போட்டு அலைந்த ஆண்கள் எல்லாரும் இன்று சித்தூர் ஏரியில் இறங்கியிருந்தார்கள். பெருமாளுக்கு ஒரு மாதம், வயிற்றுக்குப் பதினொன்று. நல்ல ஒப்பந்தம்.

அருள்குமாரும் நின்றிருந்தார், பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு. கெமிஸ்ட்ரி விரிவுரையாளர், நகரி நெசவுக் குடும்பம், மனைவி இறந்து ஆறு வருடம். எனக்கு விடைத்தாள் திருத்தும் முகாமில் பழக்கமானவர். தவிட்டு உருண்டை வைத்த இரண்டு மூங்கில் கூடுகளை நீரில் இறக்கிவிட்டு அரைமணி பேசாமல் நின்றார். இதைப் பார்க்கவா திருப்பதியிலிருந்து பஸ் ஏறினேன்?

அகப்பட்டதைக் கரையிலேயே மிளகும் பூண்டும் போட்டு வதக்கினார். “தலையத்தான் மேடம் உறிஞ்சணும். ருசியெல்லாம் அங்கதான் கீது.”

அங்கே இருப்பது ஈரலும் கணையமும் சேர்ந்த ஒரு சுரப்பி என்றேன். இருபத்தைந்து வருடமாகக் காலேஜில் இறாலை அறுத்து விலங்கியல் பாடம் நடத்துகிறேன், வாயில் வைத்ததில்லை.

“அப்ப இத்தினி நாளா கணையமா துன்னுக்கினு இருந்தேன்? நல்லாத்தான் இருக்குது மேடம்.”

27 அக்டோபர்

கேட்டுவிட்டார். கையில் கூடு, ஏரித் தண்ணீர் என் செருப்பில் சொட்டுகிறது. “தனியா துன்னுக்கினு, தனியா டிவி பாத்துக்கினு... போதும்னு தோணுது. நீங்க என்னா சொல்றீங்க மேடம்?”

நாற்பத்தொன்பது வயதில் இதற்கு முகம் சிவக்குமா? சிவந்தது. வெயில் என்று வைத்துக்கொள்வோம்.

தையில் சொல்கிறேன் என்றேன்.

3 நவம்பர்

தங்கை ஸ்ரீவல்லியிடம் சொன்னேன். “எறா திங்கறவன் ஆத்துக்கா போகப் போறே? அண்ணா காதுல விழுந்தா அவ்ளோதான்.” அண்ணா ரகுநந்தன் கோயில் கைங்கரியத்தில் இருப்பவன். அவன் முகம் சுளித்தால் இந்தக் குடும்பத்தில் பால்கூடத் திரிந்துவிடும்.

இறாலை அறுத்த இதே கையால்தானே உன் வீட்டில் தளிகை பண்ணுகிறேன் என்றேன்.

“அது காலேஜ்” என்றாள். காம்பவுண்டு சுவருக்குள் தீட்டு வராதாம்.

24 நவம்பர்

ஏரியில் அவர் இல்லை. தெலுங்குக்காரர்களைப் பார்த்துக் கார்த்திகை விரதமும் பிடித்துக்கொண்டாரா? போன் செய்தால், “இல்ல மேடம், சும்மா.”

8 டிசம்பர்

தெலுங்குக் கார்த்திகை முடிந்து ஒரு வாரம். இன்றும் ஏரியில் ஆளில்லை. வீட்டுக்கே போனேன்.

சமையலறைக்குப் புது பெயின்ட். புதுப் பித்தளைப் பாத்திரங்கள், வரிசையாக. பழைய அடுப்பு இருந்த இடத்தில் புதிது. பெருமாள் படம், துளசி மாலை. வெங்காயக் கூடை காலி.

“உங்களுக்காகத்தான் மேடம். எறா கூட்டக்கூட ஏரிக்கரை கங்கையாவுக்குக் குடுத்துட்டேன்.”

தயிர்சாதம் போட்டார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி என் முகத்தையே பார்த்தார். “சரியா இருக்குதா?” இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? அவர் தட்டில் இருந்ததை அவரே தள்ளித் தள்ளி வைத்தார்.

பஸ் முழுக்கக் கோபம். யார் கேட்டது இவரை? யாரு கேட்டா? சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு வருகிறவரை எடைபோடும் மனிதர்களோடு ஆயுசு பூரா இருந்தாச்சு. ஏரித் தண்ணீரில் வெட்கமில்லாமல் நின்ற ஒரு ஆளைப் பார்த்தேன் — அவரும் எங்கள் வீட்டு மாப்பிள்ளை வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த வேஷத்துக்குத் திருப்பதியில் பஞ்சமா?

9 டிசம்பர்

கோபம் தணியவில்லை.

22 டிசம்பர்

ஸ்ரீவல்லிக்குச் செய்தி எட்டிவிட்டது. ஒரே சந்தோஷம். “மனுஷன் திருந்திட்டாராமே அக்கா! அண்ணாகிட்ட நானே பேசிட்டேன். இப்படின்னா கல்யாணத்துக்கு வரேன்னுட்டான்.”

திருந்திட்டாராம். ஜெயிலிலிருந்து வந்தவர் பாருங்கள்.

ஆனால் அண்ணா வருவான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாரும் வருவார்கள். அப்பா போனபின் அண்ணா என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை தடவை? இதற்காக ஒரு மனிதர் கடைசிவரை தட்டில் தயிர்சாதத்தைத் தள்ளிக்கொண்டிருக்கலாமா? கஷ்டமாத்தான் இருக்கு. தூக்கம் வரலை.

5 ஜனவரி 2025

கங்கையாவிடம் கூடுகளைத் திருப்பிக் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். “சாருதான்மா வேணாம்னு குடுத்தாரு. ஐயரு வூட்டு அம்மா வராங்க, இனிமே எறா கெடையாதுன்னாரு. எழவு வூட்டுக்காரன் மாரி இருந்துச்சு மூஞ்சி.”

ஐயரில்லை, ஐயங்கார் என்று திருத்த வாய்வரை வந்தது. எனக்கும் புத்தி அங்கேதான் போகிறது.

ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். பித்தளை வரிசைக்கு முன்னால் இரண்டு கூடுகளையும் வைத்தேன். “இது இந்த வீட்டுல இருந்தா எனக்குச் சம்மதம். இல்லேன்னா வேண்டாம்.”

“உங்க அண்ணன் இப்பத்தான் ஒத்துக்கினாருன்னு...”

“அண்ணாவா உங்களைப் பண்ணிக்கப் போறான்?”

சிரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

6 ஜனவரி

ஸ்ரீவல்லியிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

7 பிப்ரவரி

பதிவு அலுவலகம். அண்ணா வரவில்லை. ஸ்ரீவல்லி வந்தாள், எதிர்ச்சாரியில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள், கையெழுத்து முடிந்ததும் போய்விட்டாள். சாட்சிக் கையெழுத்து கங்கையா. கோழி கிறுக்கிய மாதிரி.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஏரி. அவர் வதக்கினார், நான் பித்தளைத் தூக்கில் தயிர்சாதம். ஒன்று நீட்டினார், வேண்டாம் என்றேன். வாசனை சகிக்கவில்லை, இனியும் சகிக்கப் போவதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இரண்டாவது கூட்டை நான் எடுக்கிறேன் என்று இறங்கினேன். புடவை முழங்கால்வரை நனைந்தது. உள்ளே பெரியது ஒன்று, பெண், வயிறு நிறைய முட்டை. தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

“ஏம்மா,” என்று கரையிலிருந்து அலறினார், “நல்ல பெருசுமா அது.”

‘மேடம்’ எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.