நூற்றுக்கு எட்டு கழிவுக்கு எழுதிக் கொடுத்தது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. குடையை வேலை செய்கிற ஹாட்வெயார் கடையில் மறந்தாச்சு. தலையில் வெறும் சிமெந்துப் பை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு பாமசிக்கு. மனைவி மல்லிகாவுக்குப் பிரஷர் குளிசை, ஒரு மாதத்துக்கு.

கவுண்டரில் நின்ற பிள்ளை போன் நம்பர் கேட்டது. சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்தது. முகம் மலர்ந்தது. கடை முழுக்கக் கேட்கிற குரலில்:

"அங்கிள், போன மாசம் எடுத்த மூலக் களிம்பு இந்த மாசம் வேணாமா? ரெண்டு எடுத்தா ஒன்னு ப்ரீ!"

பின்னால் வரிசையில் ஏழு பேர். எனக்கு நேர் பின்னால் யார்? கோயில் கமிட்டித் தலைவர். போன திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினவர்.

"அது எனக்கில்ல. தெரிஞ்ச ஆளுக்கு வாங்கினது."

"உங்க பேர்லதான் அங்கிள் இருக்கு. மூனு தடவ."

தலைவர் பெரிய மனிதர். காதில் விழாத மாதிரி கூரையைப் பார்த்தார். வாசலில் மட்டும் தோளைத் தட்டி, "அடுத்த கூட்டத்துக்கு வந்திருங்க செல்வராஜ். பிளாஸ்டிக் கதிரைதான். உங்களுக்கு ஒரு தலகாணி போடச் சொல்றேன்."

களிம்பு வாங்கவில்லை. தேவை இருந்தது.

ஜூன் 4, புதன்

மழை விட்டு விட்டு. கூரைத் தகடு லொறி வந்தது. இறக்கி எண்ணி முடிக்கப் பதினொரு மணி. உட்கார முடியவில்லை. காரணம் கண்டி முழுக்கத் தெரியும்.

பில் போடுகிற ரிஸ்வி நானாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல்.

"தம்பி, ஒங்கட பின்பக்கத்துக்கே ஒரு பைல் வச்சீக்கானுவள். சரி, வேற என்னத்தயெல்லாம் குடுத்தீங்க?"

பாமசியில் போன மாதம் எடுத்த குடும்பக் கார்டு. பில்லில் நூற்றுக்கு எட்டு கழிவு. அதற்குக் கொடுத்தவை:

என் பேர், ஐ.டி. நம்பர், விலாசம்.
மூன்று பேரின் பிறந்த தேதி.
மல்லிகாவின் பிரஷர்.
என்னுடைய அது.
டாக்டர் சீட்டுகளின் போட்டோ.
மகள் தர்ஷினியின் வலிப்பு.

கடைசி இரண்டை நானாவிடம் சொல்லவில்லை. மற்றதுக்கே, "ஒரு தேங்கா ஓசியா குடுத்தா வீட்டுச் சாவியயும் குடுப்பீங்க போல" என்றார். பிறகு என் போனை வாங்கி அந்தக் கம்பெனிக்கு 'ஸ்டொப்' என்று ஒரு மெசேஜ் போட்டார். உடனே பதில்: இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை, நன்றி.

அவ்வளவுதான். ஒரே சொல்லில் ஒரு கம்பெனியை அடக்கின மனுசன் நான். பேக்கரியில் இரண்டு பணிஸ் வாங்கி நானாவோடு கொண்டாட்டம்.

சாயந்தரம் தர்ஷினி டியூஷன் கிளாஸ் எடுத்துவிட்டு வந்தாள். இருபத்தாறு வயது. ஆவணியில் கல்யாணம். வலிப்பு பதிமூன்று வயதில் வந்தது. நாலு வருஷமாக ஒரு தடவைகூட இல்லை, காலையும் இரவும் குளிசை தவறுவதில்லை. மாப்பிள்ளை சுரேனுக்குத் தெரியும். பழகின முதல் மாதமே சொல்லிவிட்டாளாம். அவன் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. நாங்கள் மறைக்கவில்லை. சொல்லவில்லை. (எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.)

ஞாயிறு சுரேனின் அம்மா ரவிக்கை அளவுக்கு வருகிறார்கள். அன்றைக்குத் தர்ஷினியே சொல்லப்போகிறாள்.

"என் வாயால நான் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் ஒன்னும் சொல்லக்கூடாது. முக்கியமா அப்பா."

"நான் என்னடி செஞ்சேன்?"

"உங்க வாய் பொதுக் குழாய்ப்பா. யார் வந்தாலும் தொறக்கும்."

ஜூன் 6, வெள்ளி

வெயில். பதினொரு மணிக்குக் கெலிஓயாவிலிருந்து போன். சுரேனின் அப்பா கணேசன், பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நிச்சயத்துக்குப் பிறகு என்னை சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு இல்லை.

"செல்வராஜ், உங்க மகளுக்கு என்ன வியாதி?"

தகட்டு அடுக்கில் சாய்ந்துகொண்டேன். அவர் போனுக்கு வந்த மெசேஜை வாசித்தார்:

அன்பான வாடிக்கையாளரே! செ. தர்ஷினி அவர்களின் வலிப்புக் குளிசை 5 நாட்களில் முடிவடைய உள்ளது. இன்றே வாருங்கள், 8% கழிவு! ஆரோக்கியமே ஆனந்தம்.

கடைசியில் ஒரு பூப்படமாம். அதையும் சொன்னார்.

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "மழை இல்ல இன்னைக்கி" என்று சொன்னதாக நானா சொல்கிறார்.

வீட்டில் சொன்னேன். மல்லிகா கத்தினாள். "அவங்க நம்பர் அந்தப் பாமசிக்கு எப்படிப் போச்சு? போனுக்குள்ள பூந்து திருடியிருக்கானுங்க!" இருக்கும் என்றேன். வேறெப்படி?

தர்ஷினி கத்தவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இன்னும் ரெண்டு நாள்ப்பா. ரெண்டே நாள். நானே சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பூப்படம் போட்டவன் கை விளங்காமல் போக.

ஜூன் 7, சனி

மறுபடி மழை. நாலு மணிக்குக் கணேசனும் சுரேனும் வந்தார்கள். கணேசன் சப்பாத்தைக் கழற்றவில்லை. மல்லிகா டீ வைத்தாள். தொடவில்லை.

"எங்க வீட்டுக்கு வரப்போற புள்ளையப் பத்தி எனக்கு ஒரு பாமசிக்காரன் சொல்லணுமா?"

"எனக்குத் தெரியும்ப்பா" என்றான் சுரேன். "அவ முதல்லயே சொல்லிட்டா."

"உனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியும். பாமசிக்குத் தெரியும். நான்தான் கடைசி. அதுவும் எப்படி? மூக்குக்கண்ணாடி இல்லாம நின்னேன். பருப்பு வாங்க வந்த ஆளுகிட்ட போனக் குடுத்து வாசிங்கன்னேன். அவன் சத்தமா வாசிச்சான். கடையில அஞ்சு பேரு!"

எனக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. கடைக்கு நடுவில் இப்படி உரிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் கோபம் வந்தபாடில்லை. அதுவே கோபமாக இருந்தது.

"நாங்க சொல்றதாத்தான் இருந்தோம்" என்றேன்.

"எப்ப? பேரன் பொறந்த பெறகா?"

தர்ஷினி உள்ளேயிருந்து வந்தாள். "மாமா, நாளைக்கி அத்தைகிட்ட சொல்றதா இருந்தேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

கணேசன் அவளைப் பார்க்கவில்லை. சுவர்க் கலண்டரைப் பார்த்தார். "ஆவணிய இப்ப பேச வேணாம். யோசிக்கணும்" என்று எழும்பிவிட்டார்.

படி வரை போன சுரேன் திரும்பி வந்தான். நின்றபடியே தன் டீயைக் குடித்தான். அப்பாவின் டீயையும் எடுத்துக் குடித்தான். "சீனி கொஞ்சம் கூட அத்த" என்றான். போய்விட்டான்.

மல்லிகா அடுப்படியில் அழுதாள். சீனி கூடியதற்கில்லை.

ஜூன் 8, ஞாயிறு

யாரும் வரவில்லை. வடைக்கு ஊறப்போட்ட பருப்பு ஒரு சட்டி நிறைய. மூன்று வேளையும் வடை. தையற்காரிக்குத் தர்ஷினியே போன் பண்ணி, இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

நாளைக்கு அரைநாள் லீவு. அந்தக் கம்பெனியா இல்லை நானா, நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

நிச்சயத்துக்குப் போட்ட சட்டை. டவுனில் பாமசிக்கு மேல்மாடியில் ஆபீஸ். ஏ.சி. குளிர். சுவரில் பெரிய பூட்டுப் படம்: 'உங்கள் தகவல், எங்கள் உயிர்.' பூட்டு சிரித்துக்கொண்டிருந்தது. உண்மையாகவே பல் வரைந்திருக்கிறார்கள்.

டை கட்டின அதிகாரி. சுரேன் வயதுதான் இருக்கும். கத்தினேன். நன்றாகவே கத்தினேன். என் மகளின் வியாதியை ஊருக்கு விளம்பரம் போட நீ யார், எவன் உனக்கு அந்த நம்பரைக் கொடுத்தது, திருடன், இன்னும் சில. மற்ற மேசைகளில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவர்கள் படிக்கிற படிப்பு.

"ரொம்ப வருந்துறோம் சேர். உங்க ஐ.டி. நம்பர் சொல்லுங்க."

"எதுக்கு?"

"உங்க தகவல் பாதுகாப்புக்காக."

சொன்னேன். வேறு வழி? தட்டினார்.

"நாலாம் தேதி ஸ்டொப் போட்டிருக்கீங்க சேர். அதனால சிஸ்டம் உங்க நம்பர விட்டுட்டு ரெண்டாவது நம்பருக்கு அனுப்பியிருக்கு."

"எந்த ரெண்டாவது நம்பர்? நான் குடுக்கவே இல்ல!"

திரையை என் பக்கம் திருப்பினார். கார்டுக்கு நான் நிரப்பின போமின் போட்டோ. நீல மை. என் கையெழுத்து, எட்டாம் வகுப்பிலிருந்து மாறாத அந்தக் கோணல் எழுத்து.

அவசரத்துக்குத் தொடர்புகொள்ள: திரு. கணேசன், கெலிஓயா. உறவு: சம்பந்தி.

சம்பந்தி என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

நிச்சயம் முடிந்த மறுநாள் நிரப்பினது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்தக் கட்டத்தில் ஹுன்னஸ்கிரியவில் இருக்கிற என் தம்பி நம்பரைப் போட்டிருக்கலாம். அவன் தோட்டத்து வாச்சர். கணேசனுக்குச் சொந்தக் கடை, பேர்ப் பலகை. என் ஆயுளில் முதல் தடவை அந்தச் சொல்லை எழுத ஒரு கட்டம் கிடைத்தது. எழுதினேன். கவுண்டர் பிள்ளை "சம்பந்தின்னா என்ன அங்கிள்?" என்று கேட்டது. ஐந்து நிமிஷம் விளக்கம் வேறு கொடுத்தேன். நிச்சயத்துக்குப் போட்ட சங்கிலியின் விலை வரைக்கும்.

குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அவசரத்துக்குன்னுதானே தம்பி கேட்டீங்க? எட்டு வீதக் கழிவு ஒரு அவசரமா?"

அவர் டையைச் சரிசெய்தார். பிறகு, "அது எங்க கொள்கையில இருக்கு சேர். நீங்க கீழ சைன் பண்ணியிருக்கீங்க." பதினாலு பக்கம். எறும்பு எழுத்து. இங்கிலீஷ்.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க."

"அழிக்கிறதுக்கு ஒரு போம் நிரப்பணும் சேர்."

பேர். ஐ.டி. நம்பர். விலாசம். போன். அவசரத்துக்கு இன்னொரு நம்பர்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். "அது இல்லாம சிஸ்டம் எடுக்காது சேர்." சுவரில் பூட்டுக்குக் கீழே அவர்களுடைய நம்பரே இருந்தது. அதை எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'பகை'. அவர் அதையும் தட்டி ஏற்றினார். "முப்பது நாள்ல பதில் வரும் சேர்."

வீட்டில் கேட்டார்கள். "நம்பர் எப்படிப் போச்சாம்?"

"கள்ளப் பயலுங்க. எங்கேயோ புடிச்சிருக்கானுங்க" என்றேன்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை, மப்பு. நேற்று பௌர்ணமிப் போயா, கடை லீவு. படுத்தே கிடந்தேன். இன்றைக்கு வேலையில் ஆணிப் பெட்டி இரண்டு தடவை எண்ணி இரண்டு கணக்கு.

சாயந்தரம் சுரேனின் அம்மா தர்ஷினிக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டாள். நானும் மல்லிகாவும் கிட்டப் போய் உட்கார்ந்தோம்.

"அம்மாடி, டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கித் தந்தீன்னா இவர சமாதானப்படுத்திருவேன்."

மல்லிகா தலையை ஆட்டினாள், சரி என்று சொல் என்று. தர்ஷினி எங்களைப் பார்க்கவில்லை.

"அத்த, நீங்க எது கேட்டாலும் என் வாயால சொல்றேன். எத்தன மணித்தியாலம் வேணும்னாலும். கடிதம் மட்டும் தர மாட்டேன். என் வியாதி பேப்பர்ல ஊர் சுத்தினது போதும்."

முடிந்தது என்று நினைத்தேன்.

"நாளைக்கி பத்து மணி பஸ்ஸுல வர்றேன்" என்றார்கள். "இவர்கிட்ட சொல்லல. தையற்காரியையும் வரச் சொல்லு. வந்த காரணம்னு ஒன்னு வேணும்ல."

மல்லிகா சாமிப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் ஒரு பானையைத் திறந்து மூடினேன்.

பிறகு தர்ஷினி உட்கார்ந்து முறைப்பாடு எழுதினாள். கம்பெனிக்கு ஒன்று, கொழும்பில் இருக்கிற அரசாங்க ஆபீசுக்கு ஒன்று. இதற்கென்று சட்டம் இருக்காம். வாசித்துக் காட்டினாள். நல்ல தமிழ், கணக்கு மாதிரி ஒவ்வொரு வரியாக. நாலாவது வரி: 'எங்கள் குடும்பத்தில் எவரும் மேற்படி இலக்கத்தை நிறுவனத்துக்கு வழங்கவில்லை.'

"சரிதானேப்பா?"

"உங்கப்பா போட்ட சத்தத்துல ஆபீஸே நடுங்கிச்சாம்" என்றாள் மல்லிகா. நான்தான் சொல்லியிருந்தேன்.

தர்ஷினி சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"பொதுக் குழாய்னு சொன்னேன்ல, வாபஸ்ப்பா. இந்த விஷயத்துல நீங்க ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. இந்தாங்க, கார்டு உங்க பேர்லதான், நீங்கதான் சைன் வைக்கணும்."

பேனாவை நீட்டினாள். வாங்கினேன். நாலாவது வரியைப் பார்த்தேன். பேனாவில் மை இல்லை என்றேன். "சரி, காலையில போட்டுத் தாங்க" என்று படுக்கப் போய்விட்டாள்.

இதையெல்லாம் எழுதுவது அந்தப் பேனாதான். நன்றாக எழுதுகிறது.

அந்த நம்பரை எழுதினது நான்தான் மகளே. கீழே ரெண்டு கோடு போட்டு.