கீழ்காற்றுக்குச் சாட்சி

பசவனகுட்டை,
ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.
20-5-1956

என் மதிப்புக்குரிய அவருக்கு,

சென்னம்மாள் வணங்கி எழுதுகிறேன். நானும் குழந்தை செல்லியும் மாடுகள் இரண்டும் நலம். உங்கள் அண்ணாவுக்கு மூக்கில் சளியும் மூக்கு நுனியில் கோபமும் இருக்கின்றன, மற்றபடி அவரும் நலம். பதான்கோட்டில் வெயில் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லை.

மாசி மாதம் சர்க்கார் ஆட்கள் நாலு பேர் வந்து மேட்டு வெளியில் கூடாரம் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். விமானம் இறங்க ஒரு மைதானம் போடப் போகிறார்களாம். அவர்களுக்குத் தலைவர் சங்கரலிங்கம் என்ற இன்ஜினீயர், திருநெல்வேலிக்காரர். முதலில் கிழக்கு மேற்காக முளை அடித்தார்கள். ஆடு மேயும் தரிசோடு போயிற்று, நம் களத்தின் ஒரு மூலையை மட்டும் தொட்டது. போன வாரம் அத்தனை முளையையும் பிடுங்கி, வடக்குத் தெற்காகத் திருப்பி அடித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கோடு ஏரியின் வரத்துக் கால்வாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, ராஜப்பன் வயலைத் தாண்டி, ஏரிக்குக் கீழே உள்ள நம் இரண்டு ஏக்கரில் படுத்துவிட்டது. கால்வாயை மூடிவிட்டால் ஏரி எருமை குளிக்கும் பள்ளம்தான்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்குமாம். காற்றடிக்கும் திசையைப் பற்றி யாரோ அவர்களிடம் தவறாகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் கோடு திரும்பியது.

உங்கள் கடிதம் வந்தது. நிலம் போய்விட்டால் ஊருக்கு வந்து என்ன செய்வது, பட்டாளத்திலேயே இன்னும் ஆறு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், வருகிற மாசிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணாவிடம் படித்துக் காட்டினேன். சரியான முடிவு என்றார். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சென்னம்மாள்


பசவனகுட்டை,
28-1-1957

என் மதிப்புக்குரிய அவருக்கு,

வணக்கம். முதலில் நல்ல செய்தி. நிலம் நம்முடையது, கால்வாய் ஏரியினுடையது, விமானமும் இறங்கிவிட்டது. இனி எங்காவது உட்கார்ந்துகொண்டு படியுங்கள், ஏனென்றால் அடுத்தது கெட்ட செய்தி. போன வைகாசியில், யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதினேனே, அந்த யாரோ நான்தான்.

நடுவில் எழுதிய கடிதங்களில் எல்லாம் மழை, மாடு, செல்லியின் பல் என்றே எழுதி வந்தேன். விமானம் வந்து தரையைத் தொடும்வரை இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போது தொட்டுவிட்டது, எழுதுகிறேன்.

போன மாசியில், கொள்ளுச் செடியைக் களத்தில் அடித்துக் குவித்து வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தோம். இலை அசையவில்லை. இன்ஜினீயர் வந்து, ‘ஏம்மா, இங்க வழக்கமா காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?’ என்று கேட்டார். பக்கத்தில் கெம்பம்மா இருந்தாள். ‘கவர்மெண்டுக்குக் காத்து எதுக்குடி? தண்ணிக்குத் தீர்வை போட்டாச்சு, அடுத்தது இதுக்குத்தான்’ என்று என் இடுப்பைக் கிள்ளினாள். எனக்குத் தீர்வையைவிடக் களத்தின் மூலையில் நின்ற முளைதான் கண்ணை உறுத்தியது. முளை கிழக்கு மேற்காக இருக்கிறதே, காற்றை மாற்றிச் சொன்னால் இவர்கள் வேறு ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ‘ஆடியில வடக்கயிருந்து வருங்க, தையில தெக்கயிருந்து வருங்க’ என்றேன். அங்கிருந்த பத்துப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மடைத் தண்ணீர் பங்கு வைப்பதில்கூட நம் ஊரில் இத்தனை ஒற்றுமையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. கோட்டைத்தான் திருப்பினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் ஊரையும் சேர்த்துக் கெடுத்தேன். ஆனியிலும் ஆடியிலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிலத்தை நினைத்தது பாதி. உங்கள் கடிதத்தில் இருந்த ஆறு வருடத்தை நினைத்தது மீதி.

உங்கள் அண்ணாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘வாய மூடிக்கினு இரு. சர்க்காருகிட்டப் பொய் சொன்னேன்னு நீயே போயி நின்னா உள்ள தள்ளுவாங்க. எங்கப்பா நாராயணப்பன் வூட்டு மருமக ஜெயிலுக்குப் போனான்னு நாலு ஊரு பேசணுமா?’ என்றார். அவர் பயந்தது குடும்பப் பெயருக்காக. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நேராகக் கூடாரத்துக்குப் போனேன். 

இன்ஜினீயர் கேட்டுவிட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் போட்டார். பிறகு, ‘தாயீ, ரிப்போர்ட் மெட்ராஸ் போயாச்சு. ஆவணியில மண் வேலை ஆரம்பம். இப்பம் ஆடியில மேக்கயிருந்து அடிக்குன்னு எனக்கே தெரியுது, தொப்பி நிக்க மாட்டேங்கு. ஆனா தையில எப்படி அடிக்கும்? இதுவும் நீ சொல்லித்தானே நான் எழுதணும்? ஒரு தடவை எழுதிப் பட்டது போதாதா?’ என்றார். காற்றின் திசை காட்டும் துணிப்பை மெட்ராஸிலிருந்து இன்னும் வரவில்லையாம். வந்தாலும் தை மாதக் காற்றை அது ஆடியில் காட்டாது. அவர் கேட்டது நியாயம்.  அழுதுகொண்டே திரும்பினேன்.

வரும் வழியில் நம் களம். தாள்போரைப் பிடித்துக்கொண்டு நின்று மூக்கைச் சிந்தினேன். அப்போதுதான் போர் நிற்கும் இடம் கண்ணில் பட்டது. கேழ்வரகுத் தாளை நாம் வடக்கிலும் தெற்கிலும்தானே போராகப் போடுகிறோம்? கிழக்கையும் மேற்கையும் காற்றுக்காகத் திறந்து விடுகிறோம். தையில் தூற்றும்போது கீழ்காற்று பதரை எல்லாம் மேற்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வருஷா வருஷம் கொட்டிய பதர் களத்தின் மேற்கு ஓரத்தில் மக்கிக் கிடக்கிறது. மனுஷி பொய் சொல்லலாம், பதர் சொல்லுமா? வந்த வழியே ஓடினேன்.

இன்ஜினீயரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தேன்கனிக்கோட்டை சாலையில் இருக்கும் களங்களை எல்லாம் காட்டினோம். வண்டி ஓட்டியது ராஜப்பன். முதல் களத்தில் அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். இரண்டாவதிலும் பார்த்தார். மூன்றாவது களத்தில் கெம்பம்மா வண்டிக்கு முன்னால் வந்து நின்று, ‘சாமி, அவ சொல்றப்ப நானும் தலையாட்னேன், என்னியும் எழுதிக்கோங்க’ என்றாள். ஐந்தாவதில் அவர் குந்தி உட்கார்ந்து குச்சியால் பதரைக் கிளறினார். மேலே புதுசு, கீழே பழசு, அடியில் கறுத்து மண்ணானது. அத்தனையும் மேற்கு ஓரத்தில். ஏழாவது களத்தில் அவர் எதையும் பார்க்கவில்லை. மோர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை கூடாரத்தில் ஒரு காகிதம் எழுதினார்கள். முன்பு சொன்ன திசை பொய், காற்று ஆடியில் மேற்கிலிருந்தும் தையில் கிழக்கிலிருந்தும் வருவதற்கு ஏழு களங்கள் சாட்சி என்று எழுதி, கீழே பத்துப் பெண்களின் கைநாட்டு வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே என் கையெழுத்து. யாரையும் ஜெயிலில் போடவில்லை. உங்கள் அண்ணா மட்டும் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

மண் வேலையை நிறுத்தி வைத்தார்கள். புரட்டாசியில் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. கோடு பழையபடி கிழக்கு மேற்கு. வயலில் நின்ற முளைகளை நீங்களே பிடுங்கலாம் என்று இன்ஜினீயர் சொன்னதும் ஊரே இறங்கியது. நம் நிலத்தில் ஒன்பது. ஒன்பதையும் நான்தான் பிடுங்கினேன், ஒருத்தியையும் கிட்டே விடவில்லை. ராஜப்பன் தன் பங்கில் ஒன்றைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கிறான். ஐப்பசி மழையில் கால்வாயில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தது. இப்போது நம் இரண்டு ஏக்கரும் பச்சை.

களம் போயிற்று. முதலில் மூலையை மட்டும் தொட்டது, அளவை நீட்டியதில் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஏரிக்கரை ஓரம் புதுக் களம் சமன் செய்து சாணம் மெழுகியிருக்கிறேன். கிழக்கு மேற்காகத்தான்.

நாலு நாளைக்கு முன்பு விமானம் வந்தது. காவேரிப்பட்டினத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்திருந்தது. உங்கள் அண்ணா கலியாணத்துக்குத் தைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு, கோடு திரும்பியதே தன் யோசனைதான் என்பதுபோல நின்றார். சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று கேட்டார். இன்ஜினீயர் என்னைக் கைகாட்டினார். ‘காத்து கிழக்கயிருந்துங்க, அதனால மேக்கயிருந்து வந்து கிழக்கே பாத்து நிக்கும்’ என்றேன். அவர் சிரித்தார். விமானம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேற்கே போய்த் திரும்பி, கிழக்கே பார்த்து இறங்கியது. ஓடி வந்து அது நின்ற இடம் நம் பழைய களம். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் வழிந்தது. அதிகாரி சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கெம்பம்மா ஆரத்தித் தட்டோடு ஓடிப்போய், இதுக்கு முகம் எந்தப் பக்கம் என்று விமானம் ஓட்டியவரைக் கேட்டாள். அவர் பாவம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்னால் சுற்றி ஓய்ந்திருந்த விசிறியைக் காட்டினார். அதற்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் அந்தத் துணிப்பை வந்து சேர்ந்தது. கம்பத்தில் கட்டினால் ஒற்றைக் கால் பைஜாமா மாதிரி ஆடுகிறது. தினமும் காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்துக் காற்றின் திசையை நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் உண்டு என்று இன்ஜினீயர் சொன்னார். ‘பொய் சொன்னவளையா வைக்கறீங்க?’ என்று உங்கள் அண்ணா கேட்டார். ‘பொய் சொல்லிட்டு நடந்து வந்து ஒத்துக்கிட்ட ஆளு எனக்கு வேற யாரும் கிடைக்கல’ என்றார் அவர். பதான்கோட்டுக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் வாய் வரை வந்தது. பதில் வர இருபது நாள் ஆகும், காற்று காத்திருக்காது. உங்களைக் கேட்காமலேயே ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொள்வதானால் நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

புதுக் களத்தில் கேழ்வரகு அடித்துக் கிடக்கிறது. தூற்ற இரண்டு பேர் வேண்டும், மேலே நின்று கொட்ட ஒருவர், கீழே நின்று முறத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவர். ராஜப்பன் வருகிறேன் என்றான். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டில் நாலு கட்டம். தேதி, நேரம், காற்று, கடைசியில் விசேஷம். ஏதாவது நடந்தால் மட்டும் கடைசிக் கட்டத்தில் எழுது, இல்லாவிட்டால் காலியாக விடு என்றார் இன்ஜினீயர். விமானம் வந்த அன்று ‘விமானம் இறங்கியது’ என்று எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் காலி. ஓசூர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நான் அங்கே நிற்பேன். விசேஷக் கட்டத்தில் எழுத ஒரு வரி வைத்திருக்கிறேன். முன்கூட்டி எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை கை போனது. பொய் எழுத மாட்டேன் என்று சொல்லித்தான் அந்த நோட்டை வாங்கினேன். அது உண்மையான பிறகுதான் எழுத முடியும்.

மாசி பிறக்க இன்னும் இரண்டு வாரம். உங்கள் கையை ஊர்ச்சாமி பசவண்ணன் காப்பாற்றட்டும், அந்தக் கை எதில் கையெழுத்துப் போடுகிறது என்பதையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்,
சென்னம்மாள்